வீடியோ போக்கரும் சூதாட்ட விடுதிச் சலுகைகளும்

வீடியோ போக்கர் என்பது ஐந்து சீட்டுப் போக்கர் ஆட்டத்தை எதிராளி இல்லாமல் திரையில் தனியாக ஆடும்படி அமைந்த சூதாட்ட இயந்திரம். 1980கள் தொடங்கி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், குறிப்பாக லாஸ் வேகஸ் நகரில், கணக்கறிந்த ஒரு சிறு கூட்டத்தினர் இந்த இயந்திரத்தையும் விடுதிகள் அறிவித்த சலுகைகளையும் சேர்த்துப் பயன்படுத்தி, வழக்கமாக விடுதிக்கு இருக்கும் சாதகத்தைத் தம் பக்கம் திருப்பினர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விடுதி வகுத்த விதிகளின்படியே ஆடினர். ஆனால் சலுகையை அறிவித்த விடுதி பல நேரங்களில் போட மறந்த கணக்கை இவர்கள் போட்டுவிட்டு வந்தனர்.

இயந்திரமும் விதியும்

பாலி நிறுவனத்தின் இயந்திரங்களை நெவாடாவில் விற்றுவந்த சை ரெட் என்பவர், திரை வழி ஆட்டங்களுக்கான உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு தனி நிறுவனம் தொடங்கினார். அது 1979இல் 'டிரா போக்கர்' இயந்திரத்தை வெளியிட்டது. பின்னாளில் இன்டர்நேஷனல் கேம் டெக்னாலஜி என்று பெயர் மாறிய அந்நிறுவனம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது.

ஆட்டம் எளிது. திரையில் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இறுதியில் அமையும் சேர்க்கைக்கு ஏற்பப் பணம் கிடைக்கும். எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு என்பது இயந்திரத்தின் முகப்பிலேயே பட்டியலாக இருக்கும்.

சீட்டுகளைத் திரையில் காட்டும் இயந்திரம், உண்மையான சீட்டுக்கட்டில் உள்ள அதே நிகழ்தகவோடு இயங்க வேண்டும் என்பது நெவாடாவின் சூதாட்ட ஒழுங்குமுறை விதி. சுழல் சக்கர இயந்திரத்தில் ஒவ்வொரு சின்னமும் எத்தனை முறைக்கு ஒருமுறை விழும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. வீடியோ போக்கரில் அந்த மறைவு கிடையாது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். விழுந்த ஐந்தை 32 விதமாக ஆடலாம். முகப்புப் பட்டியலைப் பார்த்தே இயந்திரம் நீண்ட காலத்தில் எத்தனை விழுக்காடு திருப்பித் தரும் என்று கணித்துவிட முடியும்.

கணித்தவர்கள்

ஸ்டான்ஃபோர்ட் வாங் என்ற புனைபெயரில் எழுதிவந்த பிளாக்ஜாக் வல்லுநர் 1988இல் தொழில்முறை வீடியோ போக்கர் பற்றிய நூலை வெளியிட்டார். பொறியாளரான லென்னி ஃபுரோம், கையடக்க நூல்கள் வழியாகவும் பத்திரிகைக் கட்டுரைகள் வழியாகவும் எந்தக் கையில் எதை வைத்துக்கொள்வது என்ற வரிசைகளைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார். பின்னர் வந்த கணினி நிரல்கள் பிழையைச் சுட்டிக்காட்டிப் பயிற்சி கொடுத்தன. 1990களில் வீட்டிலேயே பல நூறு மணி நேரம் பழகிவிட்டு விடுதிக்கு வருபவர்கள் உருவாகியிருந்தனர்.

கணக்கில் தெரியவந்தவை விடுதிகளுக்கு உவப்பானவை அல்ல. ஃபுல் ஹவுசுக்கு 9, ஃபிளஷுக்கு 6 தரும் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' இயந்திரம், பிழையின்றி ஆடினால் 99.54 விழுக்காடு திருப்பித் தருகிறது. முழுப் பட்டியல் கொண்ட 'டியூசஸ் வைல்ட்' 100.76 விழுக்காடு தருகிறது. அதாவது பின்னதில் சலுகை எதுவும் இல்லாமலே சாதகம் ஆடுபவர் பக்கம். ஆயினும் விடுதிகள் இவற்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தன. பெரும்பாலானோர் உள்ளுணர்வின்படி ஆடிச் சில விழுக்காடு இழந்துவிடுவர். அந்த இழப்பே கணக்கறிந்த சிலருக்குக் கொடுப்பதையும் ஈடுகட்டி மிச்சமும் தந்தது. தேர்ந்த ஆட்டக்காரருக்குப் போன பணம் பக்கத்து இயந்திரத்தில் தப்பாக ஆடியவரின் பணம் என்பதை இத்துறை நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அட்டையும் சலுகையும்

1980களில் விடுதிகள் இயந்திரம் ஆடுவோருக்கு உறுப்பினர் அட்டை வழங்கத் தொடங்கின. அட்டையைச் செருகி ஆடினால், போட்ட பணத்தின் மொத்த அளவுக்கு ஏற்பப் புள்ளிகள் சேரும். புள்ளிகளைப் பணமாகவோ உணவாகவோ அறை வாடகையாகவோ மாற்றிக்கொள்ளலாம். வெற்றி தோல்வியைப் பாராமல் போட்ட தொகையை மட்டும் பார்த்ததே இதில் இருந்த ஓட்டை. ஒரே 100 டாலரைப் போடுவதும் எடுப்பதுமாகச் சுழற்றிச் சில ஆயிரம் டாலர் ஆட்டமாகக் காட்ட முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு: மேற்சொன்ன 99.54 விழுக்காட்டு இயந்திரம், 0.25 விழுக்காடு திருப்பித் தரும் அட்டை. இரண்டும் சேர்ந்து 99.79; விடுதிக்கே சாதகம். வாரத்தில் ஒரு நாள் மும்மடங்குப் புள்ளி என்று விடுதி அறிவித்தால் அட்டையின் பங்கு 0.75 ஆகி, மொத்தம் 100.29 ஆகிவிடும். அந்த ஒரு நாள் மட்டும் வந்து ஆடிவிட்டுப் போவது முதல் பாடம்.

ராயல் ஃபிளஷுக்கு இரட்டிப்புத் தொகை என்ற சலுகை இதைவிடக் கொழுத்தது. ஜாக்ஸ் ஆர் பெட்டரில் ராயல் ஃபிளஷ் ஏறத்தாழ 40,000 கைகளுக்கு ஒருமுறைதான் விழும். ஐந்து காசு போட்டவருக்கு 4,000 காசு கிடைக்கும். மொத்தத் திரும்பு விழுக்காட்டில் ஏறத்தாழ 2 இதிலிருந்து மட்டுமே வருகிறது. அதை இரட்டித்தால் இயந்திரம் 101.5ஐத் தாண்டிவிடும். ஆடும் முறையும் மாறும். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக், கூடவே ஹார்ட்டில் ஒரு ராஜா என்று விழுந்தால், வழக்கமான நாளில் இரண்டு ராஜாக்களை வைத்துக்கொள்வதே சரி. இரட்டிப்பு நாளில் அந்த ஜோடியை உடைத்து மூன்று ஸ்பேடுகளை வைத்துக்கொள்ள வேண்டும். கைக்குப் பழகிய வரிசையை ஒரு நாளுக்காக மறந்து ஆட முடிந்தவருக்கே சலுகையின் முழுப் பயன் கிடைத்தது.

பரிசுச் சீட்டுக் குலுக்கல், அஞ்சலில் வரும் இலவச ஆட்டத் தொகை, நான்கு ஒரே எண் சீட்டு விழுந்தால் கூடுதல் பணம் என்று சலுகைகள் பலவகை. கணவன் மனைவி இருவரும் தனித்தனி அட்டை வைத்து அஞ்சல் சலுகையை இரட்டிப்பாக்கிக்கொள்வது பரவலான வழக்கமாக இருந்தது.

வருமானம் எவ்வளவு?

100.29 விழுக்காட்டைப் பணமாக மாற்றிப் பார்த்தால் பளபளப்பு குறையும். கால் டாலர் இயந்திரத்தில் ஒரு கைக்கு 1.25 டாலர். மணிக்கு 600 கை ஆடினால் 750 டாலர் ஆட்டம்; அதில் 0.29 விழுக்காடு என்பது 2.20 டாலருக்கும் குறைவு. ஒரு டாலர் இயந்திரத்தில் அதுவே மணிக்கு 8.70 டாலர். அதுவும் சராசரிதான். ராயல் விழாத நேரமெல்லாம் ஆடுபவர் இழந்துகொண்டே இருப்பார். 40,000 கை ஆடியும் ஒரு ராயல்கூட விழாமல் போவதற்கு 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கையிருப்பு வறண்டு இடையிலேயே நின்றவர்களுக்கு 'நீண்ட காலம்' வரவே இல்லை.

இதைச் சமாளித்த முறைக்கு இருவேறு முகங்கள் உண்டு. ஜீன் ஸ்காட் 1998இல் வெளியிட்ட 'தி ஃபுருகல் கேம்ப்ளர்' நூல் சிக்கன வழியைச் சொன்னது: சிறிய தொகை இயந்திரம், கூப்பன்கள், இலவச அறை, இலவச உணவு. பாப் டேன்சர் 1993இல் சில ஆயிரம் டாலருடன் லாஸ் வேகஸுக்கு வந்து, சலுகை கொழுத்த இடங்களைத் தேடித் தேடி ஆடிப் படிப்படியாக உயர்ந்த தொகைக்கு ஏறியவர். 2000-2001இல் எம்ஜிஎம் கிராண்ட் விடுதியில் ஆறு மாதத்துக்குள் அவரும் மனைவியும் பத்து லட்சம் டாலருக்கு மேல் வென்றதை 'மில்லியன் டாலர் வீடியோ போக்கர்' நூலில் எழுதினார். அதில் கணக்கின் பங்கும் உண்டு, பெரிய தொகை இயந்திரத்தில் ராயல் விழுந்த நல்லூழின் பங்கும் உண்டு.

விடுதிகளின் பதிலடி

விடுதிகள் முதலில் பட்டியலில் கை வைத்தன. ஃபுல் ஹவுசும் ஃபிளஷும் 9, 6 என்பதிலிருந்து 8, 5 ஆனால் ஜாக்ஸ் ஆர் பெட்டர் 97.30 விழுக்காட்டுக்கு இறங்கும். எந்தச் சலுகையும் அதை எளிதில் மீட்காது. டியூசஸ் வைல்டில் நான்கு ஒரே எண் சீட்டுக்கு 5 என்பதை 4 ஆக்கினால் மட்டுமே ஏறத்தாழ ஆறரை விழுக்காடு போய்விடும். முகப்பில் ஓர் எண் மாறியதைக் கவனிக்காதவர்கள் பழைய நினைப்பிலேயே ஆடினர்.

அடுத்து, வீடியோ போக்கருக்குப் பாதிப் புள்ளி, மடங்குப் புள்ளி நாளில் நல்ல இயந்திரங்களுக்கு விலக்கு என்ற நிபந்தனைகள் வந்தன. கணினிப் பதிவுகள் தேர்ந்ததும், போட்ட பணத்தைவிட அந்த இயந்திரத்தில் விடுதிக்கு எதிர்பார்க்கப்படும் வரவே சலுகைக்கு அளவுகோலாயிற்று. கணக்காக ஆடுபவருக்கு அஞ்சல் நின்றது. சிலருக்கு விடுதிக்குள் நுழையவே தடை வந்தது. நெவாடாவில் இத்தகைய தடைக்கு இடமுண்டு. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982இல், கென் உஸ்டன் தொடுத்த வழக்கில், சீட்டுகளை எண்ணி ஆடும் திறமைக்காக ஒருவரை விடுதிகள் தாமாகவே வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அது பிளாக்ஜாக் பற்றிய வழக்கு. சலுகையைக் கொடுக்காமல் விடுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை.

வரி மற்றொரு பக்கம் நெருக்கியது. இயந்திரத்தில் ஒரே கையில் 1,200 டாலர் அல்லது அதற்கு மேல் விழுந்தால் வரித்துறைக்குப் படிவம் போக வேண்டும் என்பது பல பத்தாண்டுகள் நீடித்த விதி. கால் டாலர் இயந்திரத்தின் ராயல் 1,000 டாலர் என்பதால் அது தப்பித்தது. 2025இல் இயற்றப்பட்ட கூட்டரசு வரிச்சட்டம், 2026 முதல் சூதாட்ட இழப்பில் 90 விழுக்காட்டை மட்டுமே கழித்துக்கொள்ளலாம் என்று வரையறுத்தது. ஆண்டில் 1,00,000 டாலர் வென்று 99,000 இழந்தவரின் உண்மை ஆதாயம் 1,000 டாலர். புதிய விதிப்படி அவர் 89,100 டாலரை மட்டுமே கழிக்கலாம். 10,900 டாலருக்கு வரி கட்ட வேண்டியிருக்கும்.