சும்மா இருந்தவரும் கேட்டுப் பார்த்தவரும்

கால்வின் கூலிட்ஜ், ஹெர்பர்ட் ஹூவர் இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். அடுத்தடுத்து அமெரிக்க அதிபரானவர்கள். தொழில் செழித்தால் நாடு செழிக்கும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அதற்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் வேறுபட்டார்கள்.

1923 ஆகஸ்ட் 3, அதிகாலை 2.47 மணி. அதிபர் ஹார்டிங் இறந்த செய்தி வந்தபோது, துணை அதிபர் கூலிட்ஜ் வெர்மாண்ட் மாநிலத்தின் பிளிமத் நாட்ச் சிற்றூரில் தந்தை வீட்டில் இருந்தார். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த தந்தையே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். முடிந்ததும் புதிய அதிபர் மறுபடியும் படுக்கப் போய்விட்டார். ஆட்சியும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஹார்டிங் காலத் தொடக்கத்தில் 73 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரியை, நிதிச் செயலர் ஆண்ட்ரூ மெலன் 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். செலவைச் சுருக்கிக் கடனைக் குறைத்தார்கள். விளைபொருள் விலையைத் தாங்கிப்பிடிக்க நாடாளுமன்றம் இருமுறை நிறைவேற்றிய மசோதாவை, 1927-இலும் 1928-இலும் கூலிட்ஜ் தடுத்துவிட்டார்.

ஹூவருக்குச் சும்மா இருக்க வராது. பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து, சுரங்கப் பொறியாளராகப் பணம் சேர்த்து, முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பசியாற்றியவர். 1921 முதல் வணிகச் செயலராக இருந்து, செங்கல் அளவு வரை தரப்படுத்தினார். 1927-இல் மிசிசிப்பி பெருக்கெடுத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தபோது, ஆளுநர்கள் அழைத்தும் கூலிட்ஜ் போகவில்லை. ஹூவர்தான் போய் நிவாரணத்தை நடத்தினார். கூலிட்ஜ் அவரை 'அதிசயப் பையன்' என்று கேலி செய்வார்.

ஆனால் ஹூவரின் சுறுசுறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் முதலாளிகளைக் கூட்டுவார், புள்ளிவிவரம் காட்டுவார், வேண்டிக் கேட்பார்; சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த மாட்டார். எஃகு ஆலைகளில் 12 மணி நேர வேலை வழக்கமாக இருந்தது. ஹூவரும் ஹார்டிங்கும் வற்புறுத்த, பொதுமக்கள் கருத்தும் சேர்ந்துகொள்ள, 1923-இல் ஆலைகள் அதைக் கைவிட ஒப்புக்கொண்டன. சட்டமில்லாமலே வேலை முடிந்தது. இந்த வழி பலிக்கும் என்ற நம்பிக்கை ஹூவருக்கு உறுதிப்பட்டது.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த மாதமே ஹென்றி ஃபோர்டு, ஆல்ஃபிரட் ஸ்லோன் போன்ற தொழிலதிபர்களை, அப்போது அதிபராகியிருந்த ஹூவர் வெள்ளை மாளிகைக்கு அழைத்து, கூலியைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெரிய ஆலைகள் வாக்கைக் காத்தன. சரக்கு விற்காமல் குவிந்தபின் வாக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? 1931 செப்டம்பரில் யு.எஸ். ஸ்டீல் கூலியை 10 சதவீதம் குறைத்தது. 1923-இல் இணங்கிய அதே எஃகுத் தொழில்தான் முன்னால் நின்றது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

1932-இல் வங்கிகளுக்கும் ரயில் நிறுவனங்களுக்கும் கடன் தர ஹூவர் அரசு நிறுவனமே அமைத்தார். வேலையற்றவரின் கையில் கூட்டரசு நேரடியாகப் பணம் தருவதை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. தகரக் குடிசைச் சேரிகளுக்கு மக்கள் 'ஹூவர்வில்' என்று பெயர் வைத்தார்கள்.

நல்ல காலத்தில் ஆண்டு, 1928-இல் போட்டியிடாமல் ஒதுங்கிய கூலிட்ஜுக்குச் செழிப்பின் புகழ் கிடைத்தது. அவரைவிடப் பல மடங்கு உழைத்த ஹூவருக்குப் பழி கிடைத்தது. இந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம். தொழிலதிபரின் விருப்பத்துக்கு மேலே ஒரு கட்டாயம் வேண்டியதில்லை என்பதில் இருவரும் ஒன்றே. கூலிட்ஜ் காலத்தில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வரவில்லை. ஹூவர் காலத்தில் வந்தது, தோற்றது.

ஹூவர் வேண்டுகோளாக வைத்தது சட்டமாக மாற 1938 வரை ஆனது. மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறைவாகக் கூலி தரக் கூடாது என்று அந்த ஆண்டுச் சட்டம் சொன்னது.