சரணார்த்தியும் புருஷார்த்தியும்: ஃபரீதாபாத்தைக் கட்டியவர்கள்

பிரிவினைக்குப் பின் வட இந்தியாவில் குவிந்த மக்களை அரசுக் கோப்புகளும் செய்தித்தாள்களும் ‘சரணார்த்தி’ என்று அழைத்தன. புகலிடம் வேண்டி நிற்பவர் என்பது பொருள். அம்மக்களில் பலர் இச்சொல்லை இழிவாகக் கருதி, தம்மைப் ‘புருஷார்த்தி’ என்று சொல்லிக்கொண்டனர்: தம் முயற்சியால் எழுபவர். கதியற்றவரைக் குறிக்கும் ‘அகதி’யை விடுத்து ஈழ எழுத்தாளர் பலர் ‘ஏதிலி’யைக் கைக்கொண்டதை அறிந்த தமிழருக்கு, இச்சொற்போர் விளங்காத ஒன்றன்று. அன்று மோதியவை இரண்டு சொற்கள் மட்டுமல்ல, உதவி என்பதைப் பற்றிய இரண்டு பார்வைகளும்தான். அவற்றுள் ஒன்று செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த இடம் ஃபரீதாபாத்.

குருக்ஷேத்திரத்தில் அமைந்த பெருமுகாமில் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தங்கியிருந்தனர். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் பெஷாவர், பன்னு, கோஹாட், தேரா இஸ்மாயில் கான் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியரும் அவர்களுள் அடங்குவர். இவர்களைப் பல ஊர்களுக்குப் பிரித்தனுப்ப அரசு முனைந்தபோது இவர்கள் மறுத்தனர். மொழியும் உறவும் அறுபடாமல் ஒரே இடத்தில் வாழவேண்டும் என்பதே இவர்களது கோரிக்கை. கான் அப்துல் கஃபார் கானின் குதாயி கித்மத்கார் இயக்கத்தில் பயின்றவர்கள் இவர்களிடையே இருந்தமையால், அறப்போராட்டம் இவர்களுக்குப் புதிதன்று. முடிவில் டெல்லிக்குத் தெற்கே ஃபரீதாபாத்தில் ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒரு நகரம் அமைக்க அரசு இசைந்தது. 1949இல் ராஜேந்திர பிரசாத் தலைமையில் வளர்ச்சி வாரியம் உருவாயிற்று.

இங்கேதான் ஒரு தன்னார்வ அமைப்பின் பணி தொடங்குகிறது. 1948இல் கமலாதேவி சட்டோபாத்யாய் நிறுவிய இந்தியக் கூட்டுறவு ஒன்றியம், டெல்லியை அடுத்த சத்தர்பூரில் குடியேறிய ஏதிலிகளிடையே கூட்டுறவு வேளாண்மையை முயன்று பார்த்திருந்தது. முகாம் பணியில் அனுபவம் பெற்ற இளைஞர் எல். சி. ஜெயின் அதன் ஊழியர்களுள் ஒருவர். அவ்வொன்றியம் முன்வைத்த கருத்து எளியது: இலவசப் படியளப்பதை நிறுத்துக, நகரைக் கட்டும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் தராது, அதில் குடியேறப்போகிறவர்களிடமே கூலிக்குத் தருக.

பொதுப்பணிப் பொறியாளர்கள் இதை ஏற்கவில்லை. வந்தவர்களுள் பலர் கடைக்காரர்கள். கரண்டி பிடித்துச் சுவரெழுப்பி அறியாதவர்கள். ஆயினும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. வீடுகளும் சாலைகளும் அவர்கள் கையாலேயே உருப்பெற்றன. போர் ஈட்டாக ஜெர்மனியிலிருந்து வந்து கல்கத்தாவில் முடங்கிக் கிடந்த டீசல் மின்நிலையமும் ஃபரீதாபாத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த மின்சாரமே பின்னர் ஆலைகளை ஈர்த்தது.

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. சில ஆண்டுகளிலேயே அரசுத் துறைகளின் பிடி இறுகியது. வேலைகள் வழக்கமான நடைமுறைக்குத் திரும்பின. கூட்டுறவுச் சங்கங்கள் நலிந்தன. நகரம் தொழில்நகரமாக வளர்ந்தது. ஆனால் அதைக் கட்டியவர்கள் அதன் போக்கை முடிவுசெய்யும் நிலையில் இல்லை. உழைப்பைப் புருஷார்த்தியிடம் பெற்றுக்கொண்ட அரசு, முடிவெடுக்கும் உரிமையில் அவர்களை மீண்டும் சரணார்த்திகளாகவே நடத்தியது எனலாம். பிற்காலத்தில் ஜெயின் இவ்வனுபவத்தைத் தனி நூலாகவே எழுதினார்.

1950களின் தொடக்கத்தில் தம் உழைப்பையும் ஈந்து எழுப்பிய மருத்துவமனைக்கு அம்மக்கள் பாட்ஷா கானின் பெயரைச் சூட்டினர். பாட்ஷா கான் என்பது கஃபார் கானின் சிறப்புப்பெயர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள், அம்மண்ணிலேயே தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் தலைவரின் பெயரைப் புதிய ஊரில் நிலைநிறுத்தினர் என்பது எண்ணத்தக்கது. 2020 டிசம்பரில் அப்பெயரை மாற்ற ஹரியாணா அரசு முற்பட்டபோது, அங்குள்ள முதியோரும் அவர்தம் வழிவந்தோரும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஏதிலியருக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் இன்றும் இல்லை. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலும் இந்தியா ஒப்பமிடவில்லை. இந்நிலையில், தஞ்சம் கோரி வருவோரின் அன்றாடம் பெரும்பாலும் தொண்டு அமைப்புகளைச் சார்ந்தே நகர்கிறது. எத்தனை பேருக்கு எவ்வளவு தரப்பட்டது என்னும் கணக்கோடு, பெறுபவர்களுக்கு எதை முடிவுசெய்யும் உரிமை இருந்தது என்னும் கேள்வியையும் அவ்வமைப்புகளிடம் கேட்க வேண்டும். ஃபரீதாபாத் அக்கேள்விக்குப் பாதி விடையையே தந்தது.