கரண்ட் போனால் வானம் மூடியாச்சு

கொம்பனித்தெருவில் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையால போகும்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டிடத்தைப் பார்த்திருப்பீங்க. 2009 பெப்ரவரி 20 இரவு புலிகளின் சிறிய விமானம் ஒன்று வந்து மோதியது இதில்தான். 40 பேருக்கு மேல் காயப்பட்டார்கள், உயிர்களும் போயின. இன்னொரு விமானம் கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இவ்வளவும் செய்தியில் வந்தது. அந்த மாதிரி இரவுகளில் நகரத்துச் சனத்துக்கு என்ன தெரிந்தது என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவில்லை.

கதை 2007 மார்ச் 26இல் தொடங்குகிறது. கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு வானத்தில் சந்தேகம் வந்தாலே கொழும்பு இருட்டாகும், விமான நிலையம் மூடப்படும், துப்பாக்கிகள் மேலே பார்த்துச் சுடும். வெளிச்சத்தை வைத்து விமானி இடம் பிடிக்கக்கூடாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கரண்ட் போனதே முதல் அறிவிப்பு. பல நேரம் அன்றிரவுக்கு அதுதான் கடைசி அறிவிப்பும்.

ஏப்ரல் 26 இரவும் இப்படித்தான். நகரம் இருண்டது, வெடிச்சத்தம் கேட்டது, ஒரு குண்டும் விழவில்லை. மூன்றாம் நாள் இரவு உலகக்கிண்ண இறுதிப் போட்டி. ஊரே டிவிக்கு முன்னால் இருக்கும்போது மறுபடி இருட்டு. இந்தமுறை உண்மையாகவே கொலன்னாவ, கெரவலப்பிட்டி எண்ணெய்க் குதங்கள் பக்கம் குண்டு விழுந்தது. எது பொய், எது மெய் என்று விடியும்வரை தெரியாது. கேத்தே பசிபிக், எமிரேட்ஸ் போன்றவை கொழும்புச் சேவையை நிறுத்தின. மே மாதம் இரவு விமானங்களும் நிறுத்தப்பட்டன.

விளக்கம் வராத இடத்தை வதந்தி நிரப்பும். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது. தமிழ் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்தது: யார்ட்ட போய்க் கேக்கிறது? இருட்டில் தெருவில் நின்று தமிழில் “என்ன நடக்குது?” என்று கேட்பதே சந்தேகத்துக்கு இடம். வானத்தில் வந்ததற்குப் பதில் தரையில் தேடப்படும் என்ற பயம்.

அந்தப் பயம் வீணானதில்லை. 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பாதுகாப்பு என்ற பெயரில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது.

1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது சனம் ஊர்களுக்கு ஓடியது. 2007இல் அந்த லொட்ஜுகளில் இருந்த பலர் ஊரில் இருக்க முடியாமல் கொழும்புக்கு வந்தவர்கள்.

தாக்குதல் நடக்கும் நேரத்தில் அரசு எல்லாவற்றையும் சொல்ல முடியாது, சரி. விடிந்த பிறகாவது சொல்லலாமே? வீட்டில் அந்த இரவுகள் நினைவிருக்கிறவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்: கரண்ட் போனதும் முதலில் என்ன செய்தீங்க?