கரையும் களஞ்சியமும்: தஞ்சைச் சேனாபதி மானோஜி

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலில் இன்றும் நிற்கும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். கலம் என்பது 12 மரக்கால் கொண்ட முகத்தல் அளவை. குடமுருட்டிக்கும் திருமலைராஜன் ஆற்றுக்கும் இடைப்பட்ட இவ்வயல்நாட்டில் அரசின் செல்வமே நெல்லாக இருந்தமையால், நாட்டைக் காப்பது என்பது கோட்டை மதிலைக் காப்பதோடு ஆற்றுக்கரையைக் காப்பதாகவும் அமைந்தது. மராத்திய மன்னர் பிரதாபசிங்கின் (1739–1763) சேனாபதி மானோஜியின் உயர்வும் வீழ்ச்சியும் இவ்வுண்மையை ஒட்டியே நிகழ்ந்தன.

அக்காலச் சேனாபதி குதிரைப்படையை நடத்துவதோடு நேசப் படைகளுடன் பேசுவதையும் எதிரியுடன் உடன்பாடு காண்பதையும் கவனித்தார். இன்றைய பாதுகாப்பு அமைச்சரின் பணியில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. கர்நாடக நவாப் பதவிக்காகப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிய கர்நாடகப் போரில் தஞ்சை, ஆங்கிலேயரோடு சேர்ந்து முகமது அலியை ஆதரித்தது. 1752 ஜூனில், ஸ்ரீரங்கத்தில் முற்றுகைக்குள் சிக்கிய சந்தா சாகிப், தப்பிச்செல்ல வழிவிடுவதாக மானோஜி தந்த வாக்கை நம்பி அவரிடம் வந்து சேர்ந்தார். மானோஜியோ அவரைச் சிறைப்பிடித்து, கைதியைத் தம்மிடம் தரும்படி நேச அணியினர் போட்டியிட்ட நிலையில், தலையை வெட்டச் செய்தார். தஞ்சையை 1749இல் முற்றுகையிட்டுப் பெரும்பணம் கேட்டவர் சந்தா சாகிப் என்பது உண்மையே. ஆயினும் அடைக்கலம் தேடி வந்தவரைக் கொன்ற இச்செயலை அரசியல் தேவை என்று கூறி ஏற்க இயலாது.

வெற்றி பெற்ற சேனாபதியை அரசவை நெடுநாள் பொறுத்துக்கொள்ளவில்லை. முதன்மை அமைச்சர் சக்கோஜியின் பகையால் 1754இல் மானோஜி பதவி இழக்க, மன்னரின் உறவினர் ஒருவர் படைத்தலைமை ஏற்றார். அவ்வாண்டின் கோடையில் பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்திருந்த மைசூர்ப் படையினரும் கோயிலடியைக் கைப்பற்றிக் காவிரியின் கரையை வெட்டினர். ஸ்ரீரங்கத் தீவின் கிழக்கு முனைக்கு அப்பால், கோயிலடிப் பகுதியில், காவிரியும் கொள்ளிடமும் நெருங்கி ஓடுகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானதாகையால், இடையிலுள்ள கரை உடைந்தால் புதுவெள்ளம் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்குப் போய்விடும், காவிரியை நம்பிய கிளையாறுகளும் வாய்க்கால்களும் வறண்டுவிடும். நாற்றங்கால் காய்ந்தால் களஞ்சியம் நிரம்பாது, வரி வராது, படைக்குச் சம்பளமும் இராது என்று கணக்கிட்டே எதிரிகள் பீரங்கிக்குப் பதிலாக மண்வெட்டியை எடுத்தனர். டெல்டாவின் மேல் தொடுக்கப்பட்ட போர்களில் இதைவிடக் கொடியது வேறில்லை எனலாம். ஆயுதம் ஏந்தாத உழவனையே அது குறிவைத்தது.

புதிய படைத்தலைவர், எதிரணியின் மராத்தியத் தலைவரான முராரி ராவின் குதிரைப்படையிடம் தோற்றதும் பிரதாபசிங் மனம் மாறினார். ஆங்கிலேயரின் வற்புறுத்தலும் சேர, சக்கோஜி விலக, மானோஜி மீண்டும் சேனாபதியானார். உடைப்பை அடைக்கும் வேலை பின்னர்ப் படைக்காவலுடன் நடந்தது. கூடையில் மண் சுமந்த கூலியாட்களுக்குத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் காவல் நின்றனர்.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, சந்தா சாகிபுக்குத் தஞ்சை எழுதிக்கொடுத்த கடன்பத்திரத்தைக் காட்டி 56 லட்சம் ரூபாய் கேட்டு, நாகூரையும் கீழ்வேளூரையும் சூறையாடித் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். வெடிமருந்தும் உணவும் குறைந்து லாலி பின்வாங்க முடிவெடுத்த நேரத்தில், ஆகஸ்ட் 10 விடியலில் மானோஜியின் படை அவரது பாசறையைத் தாக்கியது; பிரெஞ்சுப் படை முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்கால் நோக்கித் திரும்பியது.