வண்ணக்கரும் யவனக் காசுகளும்

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து தெற்கே சென்று, கோயம்புத்தூரைக் கடந்து நொய்யற்கரையை அடைந்தால் வெள்ளலூர். இன்று மாநகரோடு ஒன்றிவிட்ட அவ்வூரில் 1842ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை வெளிப்பட்டது. அதனுள் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. 1891இலும் 1931இலும் அதே ஊரில் மேலும் காசுகள் கிடைத்தன. கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள கொங்கு நாட்டில் யவனர் காசு குவிந்தது எவ்வாறு?

விடை நிலத்திலேயே உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் வழிவிடுகிறது. மேலைக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து அவ்வழியே வந்த பெருவழி நொய்யற்கரையை ஒட்டிக் கரூரை நோக்கிச் சென்றது. வழியில் உள்ளது கொடுமணல். அங்கு நடைபெற்ற அகழாய்வுகள், மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளை வெளிக்கொணர்ந்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. இத்தகைய பொருள்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சு இந்தியாவுக்குச் செல்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி வருந்தினார். அவர் வருந்திய செல்வத்தின் ஒரு துளியே வெள்ளலூர்ப் பானை.

காசு சொல்லும் செய்தி

நாணயத்தை ஆராய்வோர் முதலில் நோக்குவன உலோகம், எடை, உருவம், எழுத்து, தேய்மானம் என்னும் ஐந்து. தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளிக் காசுகள் அகஸ்தஸ், திபேரியஸ் என்னும் இரு பேரரசர்களுடையவை. அகஸ்தஸ் காசின் பின்புறத்தில் அவர் மகன்மையாக ஏற்ற கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களுடன் நிற்கின்றனர். திபேரியஸ் காசின் பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்திய பெண்ணுருவம் அமர்ந்திருக்கிறது.

கி.பி. 64இல் நீரோ மன்னர் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் தமிழகப் புதையல்களில் அருகியே காணப்படுகின்றன. தரம் குன்றிய காசை இங்குள்ள வணிகர் ஏற்கத் தயங்கினர் என்பது அறிஞர் பலர் கருத்து. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. அதன் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், யவன அரசனின் முகத்தைக் கண்ட அளவில் மயங்கிவிடாத கைகள் இங்கு இருந்தன என்பது தெளிவு.

வண்ணக்கன் என்னும் தொழிலாளன்

பொன்னையும் மணியையும் காசையும் நோட்டம் பார்ப்பவனைப் பழந்தமிழர் ‘வண்ணக்கன்’ என்றனர். வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனச் சங்கப் புலவர் சிலர் பெயரோடு இத்தொழிற்பெயர் இணைந்து நிற்கிறது. ஈரோடு மாவட்டம் அறச்சலூர் நாகமலைக் குகையில், சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகளின் அருகே, இசை எழுத்துகளைக் கட்டங்களாக அமைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு உள்ளது. அவ்வெழுத்துகளைப் புணர்த்தவன் மணிவண்ணக்கன் தேவன் சாத்தன்.

கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலும் இத்தகைய சான்று உண்டு. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவருக்குச் சேர மரபினர் உறைவிடம் அமைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதே மலையில் மற்றொரு கல்வெட்டு, கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி செய்த அறத்தைக் குறிக்கிறது. யவனர் பொன் புழங்கிய கருவூரில் பொன் வணிகம் செய்தவன், ஒரு காசும் தீண்டாத துறவியர்க்கு இடம் சமைத்தான். பொருளை அளந்தவர்களும் பொருளைத் துறந்தவர்களும் அக்குன்றுகளில் ஒருங்கே நினைக்கப்படுகின்றனர்.

இழக்கலாகாத சான்று

இக்கல்வெட்டுகள் பாறையில் இருப்பதால் இடம் பெயரவில்லை. காசோ எளிதில் இடம் பெயரும். எந்த ஊரில், எத்தகைய கலத்தில், எவ்வெக்காசுகளோடு கிடைத்தது என்னும் செய்தியை இழந்த நாணயம் பாதிச் சாட்சியை இழந்துவிடுகிறது. உருக்கப்பட்டதோ முழுதும் இழந்துவிடுகிறது. வெள்ளலூர்க் காசுகளைப் பற்றி இன்று பேச முடிவதற்குக் காரணம், கண்டெடுத்த ஊரும் ஆண்டும் எண்ணிக்கையும் அன்றே எழுதி வைக்கப்பட்டமைதான்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். கிணறு தோண்டும்போதோ கடைக்கால் எடுக்கும்போதோ காசு தென்பட்டால், அதைத் தேய்த்துக் கழுவாமல், உடன் கிடைத்த பானை ஓட்டையும் பிரிக்காமல் அறிவிப்பதே முறை. வீட்டுப் பேழையில் பழங்காசு வைத்திருப்போர், அது எவ்வழி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தாலே வருங்காலத்துக்குப் பேருதவியாகும்.

தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. கள்ளாமையையும் பொருள் வரைதலையும் இல்லறத்தார் விரதங்களாகக் கொண்ட சமூகத்துக்கு அச்சொல்லின் இரு பொருளையும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.