பித்தப்பை நீங்கிய பின்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்த ஆரையம்பதியில் உணவின் சுவை பெரும்பாலும் தேங்காய்ப்பாலைச் சார்ந்தது. வாவிமீனும் கடல்மீனும் முதற்பால் விட்டுக் காய்ச்சப்படுகின்றன. இடியப்பத்திற்குச் சொதி வேண்டும். விருந்தென்றால் எருமைத்தயிர் வேண்டும். இத்தகைய ஊரில் ஒருவர் பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புவாராயின், காயம் ஆறியபின் அவர்முன் எழும் கேள்வி இனி முன்போல உண்ணலாமா என்பதே. பெரும்பாலார் சில கிழமைகளில் முன்போல உண்ணத் தொடங்கிவிடுகின்றனர். சிலருக்கோ கல் போன பின்னும் வயிற்றுப்பொருமலும் வயிற்றோட்டமும் வலப்பக்க நோவும் போவதில்லை. இச்சிலருடைய துன்பம் மேனாட்டு மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் செவிசாய்க்கப்படாது கிடந்தது. அது எவ்வாறு நோயென ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தமிழ் மருத்துவம் வாதம், பித்தம், ஐ என வகுத்துரைக்கும் மூன்றனுள் ஒன்றாகிய பித்தம் உடலின் வெம்மையையும் இயக்கத்தையும் தழுவிய விரிந்த பொருளுடையது. ஈரல் சுரக்கும் பித்தநீர் கண்ணாற் காணத்தக்க ஒரு கசப்பான திரவம். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் வழக்கில் வாய்க்கசப்பும் குமட்டலும் தலைச்சுற்றும் 'பித்தம்' என்ற ஒரே சொல்லாற் குறிக்கப்படுதலின், பையை எடுத்ததும் உடலிற் பித்தமே அற்றுப்போயிற்றென அஞ்சுவாரும், தங்குதற்கு இடமின்மையால் அது தலைக்கேறிவிட்டதென அஞ்சுவாரும் உளர். உண்மையில் ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரந்துகொண்டேயிருக்கின்றது. பை அதனுள் 30 முதல் 50 மில்லிலீற்றர் அளவையே ஒரு வேளையிற் கொள்ளும். கொண்டதன் நீரை உறிஞ்சித் தடிப்பாக்கி, கொழுப்புணவு முன்சிறுகுடலை அடையும்போது சுருங்கி வெளியேற்றும். அச்சுருக்கத்தை ஏவும் சுரப்பை ஐவி, ஓல்ட்பேர்க் என்னும் இருவர் 1928இற் கண்டறிந்தனர். பித்தப்பை ஒரு களஞ்சியமேயன்றி ஊற்று அன்று. யானைக்கும் குதிரைக்கும் புறாவுக்கும் அக்களஞ்சியம் இயல்பாகவே இல்லை.

இவ்வுறுப்பைப் பற்றிய மேனாட்டு அறிவு ஈழத்தில் தமிழிலேயே கற்பிக்கப்பட்ட ஒரு காலம் இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழ் மாணாக்கருக்குத் தமிழ்மொழியில் வைத்தியம் பயிற்றினார். அவர் முயற்சியால் 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அச்சேறின. 'இரண வைத்தியம்' வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டு யூன் 15ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானாபொலிசு நகரில் யோன் பொப்சு என்பார் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். வேறொரு கட்டியை எதிர்பார்த்துத் திறந்தவர் வீங்கிய பித்தப்பையைக் கண்டு, அதனைப் பிளந்து கற்களை எடுத்துத் தைத்துவிட்டார். அப்பெண் பல்லாண்டு வாழ்ந்தார். எனினும் பையை உள்ளேயே விட்டதனால் கல் மீண்டும் உண்டாதற்கு இடமிருந்தது.

பையையே எடுத்தல் வேண்டும் எனத் துணிந்தவர் பேர்லின் நகர் இலாசரசு வைத்தியசாலையின் தலைவர் கார்ல் லாங்கன்புக். விலங்குகள் பித்தப்பையின்றி வாழக்கூடும் என்பதனை இத்தாலியரான சம்பெக்காரி 17ஆம் நூற்றாண்டிலேயே நாய்களில் காட்டியிருந்தார்; ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவ்வறிவு பயன்படாது கிடந்தது. லாங்கன்புக் பிணங்களிற் பலகாற் பயின்றபின், 1882 யூலை 15இல் ஓர் உயிருள்ள மனிதனில் அதனைச் செய்தார். நோயாளி 43 வயதினர். 16 ஆண்டுகளாகப் பித்தக்கல் நோவினால் வருந்தி, நோவு தணிக்கும் மோபினுக்கு அடிமையானவர். மறுநாட் காய்ச்சலில்லை. ஆறு கிழமையில் அவர் உடல் தேறி வீடு சென்றார். கல்லைக் கொண்டிருப்பதற்காக அன்று, கல்லை ஆக்குவதற்காகவே பையை அகற்றல் வேண்டும் என்பது லாங்கன்புக்கின் கொள்கை. அது இன்றளவும் வழுவின்றி நிற்கின்றது.

இவ்வெற்றியே பின்னோர் கண்ணை ஒருபுறம் மறைத்தது எனலாம். 1880களிலும் 1890களிலும் சத்திரவைத்தியர் எண்ணியது இறந்தோர் தொகையையும் பிழைத்தோர் தொகையையுமே. வயிற்றைத் திறத்தலே உயிராபத்தாயிருந்த நாளில் அவ்வாறு எண்ணியது இயல்பு. பிழைத்தவர் ஓராண்டின் பின் என்ன உண்டார், உண்டபின் என்ன நேர்ந்தது என்பதைக் கேட்பார் அரியர். கேட்டவிடத்தும், உறுப்பே இல்லாதபோது நோவு எங்கிருந்து வரும் என்ற வினாவே விடையாயிற்று. நரம்புத்தளர்ச்சி, மனக்கலக்கம் என்னும் பெயர்கள் நோயாளிக்கு எளிதாக ஒட்டப்பட்டன. நோவுற்றவர் சொல்லை வைத்தியன் நம்பாதவிடத்து நோவு இருமடங்காகின்றது.

1947இல் வொமாக், கிரைடர் என்னும் அமெரிக்கர் இருவர் பித்தப்பை நீங்கிய பின்னும் அறிகுறிகள் நீடித்தலைத் தனிப்பொருளாக எடுத்து எழுதினர். அதன்பின் இந்நிலைக்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயர் நிலைத்தது. பித்தப்பை அகற்றலின் பின்வரு நோய்க்கூட்டம் எனத் தமிழில் அதனைக் கூறலாம். பெயரிட்டதால் துன்பம் மெய்யென ஒப்பப்பட்டது நன்மை. ஆனால் அப்பெயர் பல நோய்களை ஒரே கூடையுள் இட்டது. பித்தக்கானில் எஞ்சிய கல், கான் முடிவிலுள்ள சுருக்குத்தசையின் இசிவு, குடற்புண், கணைய அழற்சி, கானுக்கு நேர்ந்த காயம் ஆகியன யாவும் அதனுள் அடங்கின. சிலரிடம் கல் இருந்தது மெய். அவர் வயிற்றுநோவு அக்கல்லால் வந்ததன்று. அத்தகையோருக்குப் பையை எடுத்தும் நோவு எடுபடவில்லை என்பதில் வியப்பில்லை.

கூடையுள் மிகக் கொடியது கானுக்கு நேரும் காயம். அதனை உலகறியச் செய்தவர் பிரித்தானிய வெளிநாட்டமைச்சராயிருந்த அந்தனி ஈடன். 1953 ஏப்பிரில் 12இல் இலண்டனில் அவர் பித்தப்பை அகற்றப்பட்டது; அப்போது பித்தக்கான் சேதமுற்றது. அம்மாதம் 29இல் மீண்டும் வயிறு திறக்கப்பட்டது. அவர் உயிர் ஊசலாடியது. யூன் மாதம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், லேகி வைத்தியசாலையைச் சேர்ந்தவரும் இத்துறையிற் பெயர்பெற்றவருமான இறிச்சட் கற்றெல் மூன்றாம் முறை திறந்து கானைச் சிறுகுடலுடன் இணைத்தார். ஈடன் பொஸ்ரனிற் படுத்திருந்த அதே யூன் 23இல் பிரதமர் சேர்ச்சில் இலண்டனிற் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். பேரரசொன்றின் முதல்வரும் அவருக்கு அடுத்தவரும் ஒருங்கே செயலிழந்து கிடந்த காட்சி வரலாற்றில் அரிது.

இணைத்த கான் குறுகும்தோறும் பித்தநீர் தேங்கும். தேங்கியவிடத்துக் கிருமி பெருகும். குளிரும் காய்ச்சலும் தோன்றும். 1954 முதல் ஈடனுக்கு இது விட்டுவிட்டு வந்தது. 1955 ஏப்பிரில் 6இல் அவர் பிரதமரானார். 1956 யூலை 26இல் எகிப்தின் அதிபர் நாசர் சூயெஸ் கால்வாய்க் கம்பனியை நாட்டுடைமையாக்கினார். அந்நெருக்கடியின் நடுவே, ஒக்டோபர் 5இல், ஈடனுக்குக் காய்ச்சல் பாரன்கைற் 106 பாகையை எட்டியது. மாத இறுதியில் இசுரவேலும் பின்னர் பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. நவம்பர் 6 நள்ளிரவிற் போர் நிறுத்தப்பட்டது. அம்மாதம் 23இல் ஈடன் ஓய்வுக்காக யமேக்கா சென்றார். 1957 சனவரி 9இல், உடல்நிலையைக் காரணங்காட்டிப் பதவி துறந்தார்.

இச்செய்திக்கும் ஈழத்திற்கும் தொடர்பு இல்லாமலில்லை. 1956 ஓகத்தில் இலண்டனிற் கூடிய 22 நாட்டு மாநாட்டில் இலங்கையும் இருந்தது. மேலை வல்லரசுகளின் திட்டத்தை 18 நாடுகள் ஏற்க, இந்தியா முன்வைத்த மாற்றுத் திட்டத்தை ஆதரித்தவற்றுள் இலங்கை ஒன்று. கால்வாய் அடைபட்ட 1956 நவம்பர் முதல் 1957 ஏப்பிரில் வரை, ஐரோப்பாவுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற நேர்ந்தது. இதனைக்கொண்டு ஒரு பித்தக்கானின் வடுவே போரை மூட்டியது என முடிபுசெய்தல் மிகையாகும். 1977 முதல் 1979 வரை பிரித்தானிய வெளிநாட்டமைச்சராயிருந்த வைத்தியர் டேவிட் ஓவென், நோயும் உட்கொண்ட மருந்துகளும் ஈடனின் தீர்மானங்களைப் பாதித்தன என 2005இல் வாதிட்டார். அவ்வாதம் எண்ணத்தக்கதே. ஆயினும் சர்வாதிகாரிக்கு இணங்குதல் கூடாது என்ற ஈடனின் பிடிவாதம் 1938இல் அவர் முதன்முறை பதவி துறந்த காலத்தது. அப்போது அவர் பித்தப்பை அவருடனேயே இருந்தது! 1957இலும் 1970இலும் பொஸ்ரனில் மீண்டும் சத்திரசிகிச்சை பெற்ற அவர் 1977 சனவரி 14இல், 79ஆம் வயதில், வேறொரு நோயாகிய புற்றுநோயினால் இறந்தார்.

ஈடன் வரலாற்றைப் படிப்போர் பித்தப்பை சிகிச்சை என்றாலே நடுங்குதல் கூடும். அது பிழை. கான் காயமுறுதல் ஆயிரத்தில் ஒருசிலருக்கே நேர்வது. 1985 செத்தெம்பர் 12இல் செருமனியின் பெப்லிங்கன் நகரில் எறிக் மூகே சிறு துளை வழியே குழாய்க்கருவி செலுத்திப் பித்தப்பையை எடுத்தார். சக வைத்தியர்கள் அவரை முதலில் இகழ்ந்தனர். 1992இல் அவர் நாட்டுச் சத்திரவைத்தியர் சங்கமே அவருக்குப் பரிசளித்தது. இன்று உலகெங்கும் அம்முறையே பெருவழக்கு. நாலைந்து நாளில் மக்கள் வேலைக்குத் திரும்புதலும் உண்டு. ஆனால் தழும்பு சிறுத்த அளவிற்குப் பின்வரு தொல்லை சிறுக்கவில்லை. நூற்றுக்குப் பத்துப் பேரளவிலோ அதற்கு மேலோ ஏதேனும் ஒரு முறைப்பாட்டுடன் எஞ்சுகின்றனர்.

அம்முறைப்பாடுகளுள் மிக நாணத்தக்கதாக மக்கள் கருதி மறைப்பது வயிற்றோட்டம். உண்டு எழுந்ததும் ஓடவேண்டிய நிலையினர் கோயில் அன்னதானத்திலும் கலியாண வீட்டிலும் பந்தியில் அமர அஞ்சுகின்றனர். பேருந்திற் கல்முனைக்கோ மட்டக்களப்பு நகருக்கோ செல்வோர் வெறுவயிற்றோடு செல்கின்றனர். இதன் காரணத்தை அறிந்தது அண்மைக்காலத்திலேயே. களஞ்சியம் இல்லாதபோது பித்தநீர் உணவு வேளை பாராது ஒழுகுகின்றது. அதிலுள்ள பித்த அமிலங்களிற் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைப்பகுதி உறிஞ்சி ஈரலுக்கு மீட்டனுப்பும். மீளாது பெருங்குடலை அடையும் மிச்சம் அங்கு நீரைச் சுரக்கச் செய்து மலத்தை இளக்கும். சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றோரிடம் இவ்வகை வயிற்றோட்டத்தை அலன் ஒவ்மன் 1967இல் விளக்கினார். பித்தப்பை நீங்கியோர் சிலரிடமும் அதுவே நிகழ்கின்றதெனப் பின்னர் தெளிவாயிற்று. பித்த அமிலத்தைக் குடலிற் பற்றிப்பிடிக்கும் கொலெத்திரமின் என்னும் தூள்மருந்து இத்தகையோர் பலருக்கு நிவாரணம் தருகின்றது. நரம்புத்தளர்ச்சி என்று ஒதுக்கப்பட்டோருள் எத்துணைப் பேர் ஒரு கரண்டித் தூளால் தேறியிருப்பர்!

மருந்துக்கு முன் அடுக்களையிற் செய்யத்தக்கன சில உள. ஒரே வேளையிற் கொழுப்பை மிகுதியாக உண்ணாது, சிறுகச் சிறுகப் பலகால் உண்டல் முதலாவது. பொரித்த மீனுக்குப் பதில் அவித்த அல்லது காய்ச்சிய மீனும், முதற்பாற் கறிக்குப் பதில் இரண்டாம் பாலில் இறக்கிய சொதியும் ஏற்றன. தேங்காயை அறவே ஒழித்தல் பெரும்பாலார்க்கு வேண்டுவதன்று. சில கிழமை குறைத்து, உடல் தாங்குமளவு கண்டு மெல்லக் கூட்டுதல் போதும். எவ்வுணவு எத்தனை நாழிகையில் என்ன செய்தது என ஒரு கொப்பியிற் குறித்துவரின் வைத்தியருக்கு அது பெருந்துணை. பொருமலும் இளகிய மலமும் இவ்வாறு பொறுத்துப் பார்க்கத்தக்கன. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், கண் மஞ்சளித்தல், சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தல், மலம் வெளிறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பொறுத்திருத்தல் ஆகாது; அவை கான் அடைபட்டதன் அறிகுறிகள். ஈடனை மும்முறை பொஸ்ரனுக்கு அழைத்துச்சென்றது அவ்வினத்து அடைப்பே.