பினாங்குத் தமிழ் இதழ்களும் எழுதும் வாசகரும்

இணையக் குழுமங்களில் பயனர்கள் தாமே எழுதி, தாமே மறுமொழி கூறி, அதன்வழியே தமக்குள் ஓர் உறவை வளர்த்துக்கொள்வதை இக்காலத்துக்கே உரிய புதுமையாகக் கருதுவோர் பலர். கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஊதியம் பெறாத வாசகர்கள் எழுதி அனுப்பியவற்றைக் கொண்டே ஒரு பொதுவெளி, அதாவது முன்பின் அறியாதோரும் ஒரு பொருள்பற்றிக் கூடி உரையாடும் களம், உருவாகும் முறை மலாயாத் தமிழரிடையே அச்சு இயந்திரத்தோடு தொடங்கிவிட்டது. அதன் தொடக்க இடங்களுள் ஒன்று பினாங்கின் ஜார்ஜ் டவுன்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகத்தை நிறுவியதும், நாகூர், நாகப்பட்டினம் போன்ற சோழமண்டலக் கரையோர ஊர்களின் வணிகர் அங்கு வந்து நிலைகொண்டனர். தமிழ் முஸ்லிம்களைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய ‘சூலியா’ என்னும் பெயர் இன்றும் நகரின் முதன்மைத் தெருவொன்றில் நிலைத்திருக்கிறது; 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அக்குடியேற்றத்தின் சான்றாக நிற்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1826இல் ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ என்ற ஒரே ஆட்சிப் பிரிவாக இணைக்கப்பட்ட பின், இவ்வூர்களுக்கிடையிலும் இவற்றுக்கும் தமிழகத்துக்குமிடையிலும் கப்பலும் அஞ்சலும் மிகுந்தன. தொலைவில் இருந்தாலும் ஒருவர் செய்தியை மற்றவர் எதிர்பார்த்திருக்கும் ஒரு வாசகக் கூட்டம் இவ்வாறு அமைந்தது.

நாகூரைச் சேர்ந்த புலவர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்ற வார இதழைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1887இல், சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ இதழை வெளியிடலானார். சிறு முதலில் நடந்த இத்தகைய இதழ்களால் ஊர்தோறும் ஊதியம் கொடுத்து நிருபர்களை அமர்த்த இயலாது. ஆதலால் வணிகரும் எழுத்தரும் ஆசிரியரும் அனுப்பிய கடிதங்களும் ஊர்ச் செய்திகளும் அவற்றுக்கு இன்றியமையாதனவாயின. தமிழருக்கு இது முற்றிலும் அயலான பழக்கமுமன்று. ஒரு நூல் வெளிவரும்போது பிற புலவர் பாடியளிக்கும் பாராட்டுச் செய்யுளாகிய சாற்றுகவியை நூலின் முகப்பிலேயே பதிப்பிக்கும் மரபு, ஒருவர் படைப்போடு மற்றவர் கருத்தும் சேர்ந்தே மக்களைச் சென்றடைய வேண்டும் என்ற எண்ணத்தை முன்னரே வேரூன்றச் செய்திருந்தது.

எழுதும் வாசகரின் வட்டம் இருபதாம் நூற்றாண்டில் கற்றோர் குழுவைத் தாண்டி விரிந்தது. 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் வந்திறங்கித் தம் மலாயாப் பயணத்தைத் தொடங்கியதும், சாதியும் சடங்கும் பற்றிய வாதங்கள் தோட்டங்கள் வரை பரவின. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஒரு காசு விலையில் விற்கப்பட்டதால், எளியோரும் அதை வாங்க முடிந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். அதன் கடிதப் பகுதி சீர்திருத்தம், மொழி, சமூக ஒற்றுமை ஆகியவை குறித்து வாசகர் ஒருவரோடொருவர் வாதிட்ட மேடையாயிற்று.

இம்மரபு மிகச் செழித்தது 1950களில்தான். தமிழ் முரசு மாணவர்களுக்கென அமைத்த ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியில் பள்ளிப் பருவத்தினர் கவிதையும் கட்டுரையும் எழுதினர். தம் பெயரை அச்சில் கண்ட இளைஞர்கள், தாளில் அறிமுகமான தோழர்களை நேரிலும் தேடிக்கொள்ள, அப்பகுதியின் ஊக்கத்தால் மலாயாவின் பல ஊர்களில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் தோன்றின. எழுத்தால் இணைந்த குழு இவ்வாறு இயக்கமாக வளர்ந்தது. அக்காலத்திலேயே சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினர்: சிறுகதையின் இலக்கணத்தைப் பாடமாக எழுதி, வாசகர் அனுப்பிய கதைகளை மதிப்பிட்டு, குறைநிறைகளை எடுத்துக்காட்டினர். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முதல் தலைமுறையில் பலர் அவ்வகுப்பின் வழியே உருவானவர்கள். எழுத இடம் தந்ததோடு நில்லாமல், எழுதியவரைத் திருத்தும் பொறுப்பையும் அவ்விதழ்கள் ஏற்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

கணினி வந்தபோது மலேசியத் தமிழர் முன்வரிசையில் நின்றதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமாகலாம். முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருள், அச்சுக்கூடத்தின் துணையின்றி எவரும் தமிழில் எழுத வழிசெய்தது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்த நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு, அச்சிதழோடு இணையத்திலும் வாசகரோடு உரையாடிய மூத்த எழுத்தாளர்களுள் ஒருவர்.

எனினும் இரு காலங்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நூலகங்கள் சேர்த்துவைத்ததால், ‘சிங்கை நேசன்’ இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் இன்றும் படிக்க முடிகிறது. உலகத் தமிழர் பலர் கூடி எழுதிய யாகூ குழுமங்களோ, நிறுவனம் அச்சேவையை 2020இல் நிறுத்தியபோது தம் இருப்பிடத்தையே இழந்தன. பயனரின் உழைப்பில் விளைந்த எழுத்து, அதை வைத்திருக்கும் வணிக நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டதாக இருக்கும்வரை, எழுதிய சமூகத்தின் வரலாறு அச்சமூகத்தின் கையில் இல்லை. ஆகவே, பினாங்கிலும் பிற ஊர்களிலும் உள்ள பல்கலைக்கழகங்களும் தமிழ் அமைப்புகளும் பழைய இதழ்களுக்குக் காட்டும் அக்கறையை இணையத்தில் எளிய மக்கள் எழுதியவற்றுக்கும் காட்டி, எழுதியோரின் இசைவோடு அவற்றைத் திரட்டிக் காப்பது இத்தலைமுறையின் கடமையாகும்.